8,500 ரூபாய் கட்டும் முன் கல்லூரி மின்னஞ்சலைக் கேளுங்கள்

கேள்வி: என் மகள் சுயநிதிக் கலைக் கல்லூரி ஒன்றில் பி.காம். இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். கல்லூரியோடு ஒப்பந்தம் போட்ட வெளி நிறுவனம் ஒன்று 'டிஜிட்டல் திறன் பயிற்சி'க்கு 8,500 ரூபாய் கேட்கிறது. மைக்ரோசாப்ட் ஆபீஸ் லைசென்ஸ், டேலி என்ற கணக்கு மென்பொருள், பைதான் என்ற நிரல்மொழி, சான்றிதழ் எல்லாம் அதில் அடக்கமாம். கட்டாதவர்களுக்குப் பிளேஸ்மென்ட் கிடையாது என்று வகுப்பில் சொல்லியிருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை கடைசி நாள். கடன் வாங்கியாவது கட்டிவிடலாமா? – ஒரு வாசகர், விருத்தாசலம்

பதில்: கடன் வாங்க வேண்டாம். வெள்ளிக்கிழமை போனால் போகட்டும். இந்த மாதிரி 'கடைசி நாள்'கள் அடுத்த வாரத்துக்குத் தள்ளிப்போவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். இருபது வருடமாகக் கல்லூரிக் கம்ப்யூட்டர் லேப்களைப் பராமரிப்பதும் ஆசிரியர்களுக்குப் பயிற்சி தருவதும்தான் என் வேலை. நீங்கள் எழுதியிருக்கும் பட்டியலில் பெரும்பகுதி உங்கள் மகளுக்கு இலவசமாகவே கிடைக்கக்கூடியது.

முதலில் மகளிடம் ஒன்றைக் கேளுங்கள். கல்லூரிப் பெயரில் அவளுக்கு மின்னஞ்சல் கொடுத்திருக்கிறார்களா? அவள் வைத்திருக்கும் ஜிமெயிலைச் சொல்லவில்லை. @ குறிக்குப் பிறகு கல்லூரியின் பெயரே வருமே, அது. மைக்ரோசாப்ட்டும் கூகுளும் தகுதியுள்ள கல்வி நிறுவனங்களுக்கு அடிப்படைத் திட்டத்தைக் காசு வாங்காமல் தருகின்றன. மைக்ரோசாப்ட்டின் ஏ1 திட்டம் கல்லூரியில் இருந்தால் அந்த மின்னஞ்சலைப் போட்டு வேர்டு, எக்செல், பவர்பாயின்ட் மூன்றையும் பிரவுசரிலேயே திறந்து வேலை செய்யலாம். லேப்டாப்பில் நிறுவிக்கொள்ளும் பதிப்பு அதில் வராது. ஆனால் பி.காம். மாணவிக்குத் தேவைப்படும் வி-லுக்கப் (பட்டியலில் தேடி எடுப்பது), பிவட் டேபிள் (தொகுத்துக் காட்டுவது) எல்லாம் பிரவுசர் எக்செலில் இருக்கின்றன. நெட் இல்லாத நேரத்துக்கு லிப்ரே ஆபீஸ் என்ற மென்பொருள் போதும். அது எல்லோருக்கும் இலவசம்.

பல கல்லூரிகள் இந்தக் கணக்கை வாங்கி வைத்துக்கொண்டு மாணவர்களுக்குக் கொடுக்காமல் இருக்கின்றன. அட்மின் பாஸ்வேர்டு ஒரே ஒருவரிடம் இருந்திருக்கும், அவர் வேலையை விட்டுப் போயிருப்பார். மாணவர் பட்டியலை ஏற்றிக் கணக்கு உருவாக்குவது அரை நாள் வேலை. அதைச் செய்யாமல் பெற்றோரிடம் ஆயிரக்கணக்கில் வசூலிப்பதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

அடுத்து அந்த 'ஆபீஸ் லைசென்ஸ்'. இதில்தான் மிகவும் எச்சரிக்கையாக இருங்கள். எந்த லைசென்ஸ், யார் பெயரில், எத்தனை நாளுக்கு என்று எழுதித் தரச் சொல்லுங்கள். "வாழ்நாள் லைசென்ஸ், நாங்களே லேப்டாப்பில் போட்டுத் தருகிறோம்" என்று வாயால் மட்டும் சொன்னால் அந்த ஆளிடம் லேப்டாப்பைக் கொடுக்காதீர்கள். போன வருடம் ஒரு மாணவி லேப்டாப்போடு என்னிடம் வந்தாள். பயிற்சிக்கு வந்தவர் பென்டிரைவைச் செருகி, "ஆன்டிவைரஸை ஆஃப் பண்ணும்மா" என்று சொல்லி, கறுப்புத் திரையில் ஏதோ ஓடவிட்டுப் போயிருக்கிறார். மூன்றாம் வாரம் அவளுடைய புராஜெக்ட் கோப்புகள் எல்லாவற்றின் பெயரிலும் புரியாத வால் ஒன்று ஒட்டியிருந்தது. ஒன்றுகூடத் திறக்கவில்லை. டெஸ்க்டாப்பில், கோப்புகளைத் திறந்துவிடப் பணம் கேட்டு ஆங்கிலத்தில் ஒரு குறிப்பு. செமினாருக்குச் செய்த ஸ்லைடுகள் மட்டும் தோழியின் வாட்ஸ்அப்பில் இருந்ததால் தப்பின. ஆன்டிவைரஸை அணைக்கச் சொல்லும் எவரும் அதற்கு மேல் உங்கள் கம்ப்யூட்டரைத் தொடக் கூடாது.

டேலிக்கு வருவோம். கற்றுக்கொள்ள லைசென்ஸே வேண்டாம். டேலியின் இப்போதைய பதிப்பான டேலி பிரைமை அந்த நிறுவனத்தின் தளத்திலிருந்து இறக்கி, 'எஜுகேஷனல் மோட்' என்று தேர்ந்தெடுத்தால் போதும். மாதத்தின் 1, 2, 31 தேதிகளில் மட்டும்தான் பதிவு போட முடியும். கடைக்குக் கணக்கு எழுத ஆகாது, பழக இது தாராளம். பைதானுக்கு, பிரவுசரிலேயே நிரல் எழுதிப் பார்க்கும் கூகுள் கோலாப் இருக்கிறது, எதையும் நிறுவ வேண்டியதில்லை. தமிழில் கேட்டுப் படிக்க வேண்டுமென்றால் ஐஐடி பம்பாயின் ஸ்போக்கன் டுடோரியல் வீடியோக்கள் இருக்கின்றன. லிப்ரே ஆபீஸ் பாடங்களும் அதில் உண்டு. 2022 மார்ச் 1 அன்று தமிழக அரசு தொடங்கிய நான் முதல்வன் திட்டத்தில் கலைக் கல்லூரிகளுக்கும் ஆபீஸ் பயிற்சிகள் வந்திருக்கின்றன. அதற்கு மாணவர்கள் பணம் கட்ட வேண்டியதில்லை. 'நான் முதல்வன் பதிவுக் கட்டணம்' என்று யாராவது கேட்டால் அது மோசடி.

அப்படியானால் எதற்குமே பணம் கட்டக் கூடாதா என்றால், ஒன்றுக்குக் கட்டலாம். அது என்.பி.டி.இ.எல். தேர்வு. ஐஐடிகளும் பெங்களூர் ஐஐஎஸ்சியும் சேர்ந்து நடத்தும் ஆன்லைன் பாடங்கள் இவை. மத்திய அரசின் ஸ்வயம் தளத்தில் கிடைக்கும். சேர்வதும் படிப்பதும் இலவசம், தேர்வு எழுதினால்தான் கட்டணம். பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் அதில் சலுகை உண்டு. இங்கே பலர் சறுக்குவதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். பாடத்தில் சேர்வது வேறு, தேர்வுக்குப் பதிவு செய்வது வேறு. இரண்டுக்கும் தனித்தனிக் கடைசித் தேதி. சேர்ந்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டு தேர்வுப் பதிவை விட்டவர்கள் ஏராளம். அப்புறம், வாராந்திர அசைன்மென்ட்டுக்கு 25 மதிப்பெண், தேர்வுக்கு 75. 12 வாரப் பாடம் என்றால் சிறந்த எட்டு அசைன்மென்ட்டுகளின் சராசரியை எடுப்பார்கள். சான்றிதழ் பெற அசைன்மென்ட்டில் 25-க்கு 10-ம் தேர்வில் 75-க்கு 30-ம் தனித்தனியாக எடுத்தாக வேண்டும். தேர்வில் 60 எடுத்த பையன் ஒருவன், அசைன்மென்ட்டில் 8 இருந்ததால் சான்றிதழ் இல்லாமல் என் முன்னால் நின்றிருக்கிறான். டெலிகிராமில் வரும் விடைகளை அப்படியே போட்டு அசைன்மென்ட்டைத் தாண்டிவிடலாம் என்று மகள் நினைக்க வேண்டாம். தேர்வு மையத்தில் கண்காணிப்பாளர் முன்னால் உட்கார்ந்துதான் எழுத வேண்டும். அதனால்தான் அந்தச் சான்றிதழுக்கு மதிப்பு. கட்டணத்தை மகளே தளத்தில் நேரடியாகக் கட்டட்டும். "நாங்கள் சேர்த்துக் கட்டிவிடுகிறோம்" என்பவரின் ஜிபே எண்ணுக்கு அனுப்பாதீர்கள்.

பிளேஸ்மென்ட் மிரட்டல்தான் உங்களை உலுக்கியிருக்கிறது என்று புரிகிறது. வேலைக்கு ஆள் எடுக்க வருபவர்கள் எக்செலைத் திறந்து கொடுத்து, "இந்த விற்பனைக் கணக்கை மாவட்டவாரியாகப் பிரித்துக் காட்டு" என்பார்கள். இந்தப் பயிற்சிச் சான்றிதழ் அந்த இடத்தில் கைகொடுக்காது. பிறகு ஏன் கல்லூரிகள் இந்த நிறுவனங்களை உள்ளே விடுகின்றன? கூடுதல் சான்றிதழ்ப் படிப்பு எத்தனை, வெளி ஒப்பந்தம் எத்தனை என்று, கல்லூரிகளுக்குத் தரம் போடும் நாக் அமைப்பின் மதிப்பீட்டில் எண்ணிக்கை கேட்டுவந்திருக்கிறார்கள். எண்ணிக்கை கேட்டால் எண்ணிக்கைதான் வரும். பிள்ளைகள் என்ன கற்றார்கள் என்று யாரும் வந்து பார்ப்பதில்லை. அந்தப் பொறுப்பின்மைக்கு நீங்கள் கடன்பட வேண்டுமா?

எனவே இந்த வாரம் கல்லூரி முதல்வருக்கு ஒரு பக்கத்தில் கடிதம் எழுதுங்கள். இந்தக் கட்டணம் சேர்க்கைக் கையேட்டில் இருக்கிறதா, கட்டாயமா விருப்பமா, கட்டினால் ரசீது கல்லூரி பெயரில் வருமா, இந்த மூன்று கேள்விகள் போதும். கல்லூரி வாங்கும் கட்டணத்துக்கு ரசீது தர வேண்டும் என்று 1992-ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டமே சொல்கிறது. 'விருப்பம்தான்' என்று எழுத்தில் பதில் வந்துவிட்டால் பிரச்சினை அங்கேயே முடிந்தது. பதிலே வராவிட்டால், பல்கலைக்கழக மானியக் குழுவின் (யு.ஜி.சி.) 2023 விதிகளின்படி ஒவ்வொரு கல்லூரியிலும் இருக்க வேண்டிய மாணவர் குறைதீர்ப்புக் குழுவிடம் மகள் மனு கொடுக்கட்டும். அறிவித்த கட்டணத்துக்கு மேல் பணம் கேட்பது அந்த விதிகளில் குறையாகவே சொல்லப்பட்டிருக்கிறது. மனு கிடைத்த நாளிலிருந்து 15 வேலை நாளில் குழு அறிக்கை தர வேண்டும். அதனால் மனுவின் நகலில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்காமல் மகள் திரும்பி வர வேண்டாம்.