240 புல் ரிக்வெஸ்ட் – கடிதமும் பதிலும்

அன்புள்ள சார்,

வணக்கம். ஜிஎஸ்டி சாலையை ஒட்டிய ஒரு பொறியியல் கல்லூரியில் கணினித் துறை உதவிப் பேராசிரியையாக இருக்கிறேன். இந்த செமஸ்டரிலிருந்து எங்கள் துறையில் ஒரு புதிய விதி. மூன்றாம் ஆண்டு மாணவர்கள் ஒவ்வொருவரும் ஏதேனும் ஒரு திறந்த மூல மென்பொருளுக்கு (கோடை யாரும் பார்க்கலாம், மாற்றலாம்) இரண்டு புல் ரிக்வெஸ்ட், அதாவது 'இந்தத் திருத்தத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள்' என்ற கோரிக்கை, அனுப்ப வேண்டும். இன்டர்னலில் 10 மார்க். மொத்தம் 120 பேர், பொறுப்பு என் தலையில்.

நல்ல எண்ணத்தில்தான் கொண்டுவந்தார்கள். தொடக்க விழாவில் முதல்வர், லினக்ஸ் என்ற ஆபரேட்டிங் சிஸ்டத்தை ஆரம்பித்த லினஸ் டோர்வால்ட்ஸ் கதையைச் சொன்னார். மறுநாளே பிள்ளைகள் "மேம், ரீட்மீ அறிமுகக் குறிப்பில் ஒரு கமா போட்டால் கணக்கில் வருமா?" என்று என் அறை வாசலில் நிற்கிறார்கள். உண்மையாகவே ஆர்வம் காட்டிய ஒரு பெண், ஓர் ஆவணத்தில் 'கலர்' என்ற ஆங்கிலச் சொல்லில் இருந்த எழுத்துப்பிழையைத் திருத்தி அனுப்பினாள். அந்த மென்பொருளைப் பராமரிக்கும் மெயின்டெயினர் 'நோ' என்று ஒரே சொல் எழுதி மூடிவிட்டார். அதோடு அவள், இதெல்லாம் நடக்கும் கிட்ஹப் தளத்தின் பக்கமே போவதில்லை. இணைப்பை அனுப்பியிருக்கிறேன்.

நீங்கள் இந்தத் துறையில் பல வருடம் இருந்தவர். மாணவர்களை இதில் உருப்படியாக இறக்குவது எப்படி? விதியை என்னால் மாற்ற முடியாது. என் பெயரும் கல்லூரியின் பெயரும் வேண்டாம்.

ஓர் ஆசிரியை

அன்புள்ள ஆசிரியைக்கு,

இணைப்பைத் திறந்து பார்த்தேன். உங்கள் மாணவி கை வைத்தது, வலைப்பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் ஒரு சிஎஸ்எஸ் எடுத்துக்காட்டில். அதில் அமெரிக்க வழக்கப்படி 'யு' இல்லாத 'கலர்' இருக்கிறது. நம் ஊர் மெட்ரிக் பள்ளிகளில் அப்படி எழுதினால் சிவப்பு மையில் சுழிப்பார்கள். அவளும் சிரத்தையாக நான்கு இடங்களில் 'யு' சேர்த்திருக்கிறாள். ஆனால் அந்த இடத்தில் அது பிரவுசருக்குக் கொடுக்கும் கட்டளை. 'யு' சேர்ந்ததும் பிரவுசருக்கு அது என்னவென்றே தெரியாது. பிழை என்றும் சொல்லாது, சத்தமில்லாமல் அந்த வரியைத் தாண்டிப் போய்விடும். சிவப்பாக வர வேண்டிய தலைப்பு கறுப்பாக வரும்.

மெயின்டெயினர் மூடியது சரி. காரணத்தை ஒரு வரியில் சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த ஒற்றை 'நோ' எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். நானும் எழுதியிருக்கிறேன்.

டிஸ்கி போன்ற பழைய குறிமுறைகளில் கிடக்கும் தமிழை, இன்று எங்கும் புழங்கும் யுனிகோடுக்கு மாற்ற ஒரு சின்னக் கருவி எழுதிப் பொதுவில் வைத்திருந்தேன். மாதத்துக்கு ஒருவர் எட்டிப்பார்த்தால் அதிகம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை டிகாஷன் இறங்குவதற்குள் மின்னஞ்சலைத் திறந்தால் வரிசையாகப் புல் ரிக்வெஸ்ட். யாரோ என் கருவியைக் கண்டுகொண்டார்கள் என்று சந்தோஷமாகத் திறந்தேன். முதலாவது, ரீட்மீயில் 'கருவி' என்பதை 'அருமையான கருவி' ஆக்கியிருந்தது. இரண்டாவது, அந்த வரியின் கடைசியில் ஒரு இடைவெளி. மூன்றாவது, அனுப்பியவரின் பெயரும் ரோல் நம்பரும். எல்லாரும் ஒரே கல்லூரி. அங்கேயும் உங்களைப் போல யாரோ ஒருவர் தலையில் பொறுப்பைக் கட்டியிருப்பார்கள். முதல் இரண்டு பேருக்கு மரியாதையாகப் பதில் எழுதினேன். அப்புறம் 'நோ'தான். அன்றைக்கு மூடிய குவியலில் உண்மையான பிழைத்திருத்தம் ஒன்றும் இருந்தது. நான்கு மாதம் கழித்துத்தான் அது என் கண்ணில் பட்டது. அனுப்பிய பையனுக்கு மன்னிப்புக் கேட்டு எழுதினேன், பதில் வரவில்லை.

உலகம் முழுக்க இதே கதைதான். திறந்த மூலத்துக்குப் பங்களிக்க ஊக்குவிக்கும் ஹாக்டோபர்ஃபெஸ்ட் என்ற நிகழ்வு 2014 முதல் அக்டோபர்தோறும் நடக்கிறது. 2020இல் நான்கு புல் ரிக்வெஸ்ட் அனுப்பினால் ஒரு டி-ஷர்ட் என்று இருந்தது. முதல் நாளே ரெப்போக்களில் (மென்பொருளின் கோட் இருக்கும் கிடங்குகளில்) குப்பை வந்து குவிந்து, மெயின்டெயினர்கள் கூச்சல் போட்டு, சில நாட்களிலேயே 'நாங்கள் இதில் சேர்ந்துகொள்கிறோம்' என்று அறிவித்த ரெப்போக்கள் மட்டும் கணக்கில் வரும் என்று விதியை மாற்றினார்கள். டி-ஷர்ட்டுக்கே அப்படி என்றால் இன்டர்னல் மார்க்குக்கு எப்படி இருக்கும்?

போதாக்குறைக்கு இப்போது ஏஐ. இணையத்திலிருந்து தரவை இறக்கும் கர்ல் என்ற மென்பொருளை நீங்கள் லேபில் பாடமாகவே நடத்தியிருப்பீர்கள். அதன் தலைமை ஆளான டேனியல் ஸ்டென்பெர்க், இயந்திரம் எழுதிய போலிப் பாதுகாப்புப் புகார்களைப் படித்து நிராகரிப்பதிலேயே நேரம் போகிறது என்று 2024 தொடக்கத்திலேயே புலம்பி எழுதிவிட்டார். அதே வருடம் மார்ச்சில், கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் என்ற மென்பொருளின் விவகாரம். ஒரு புதிய ஆள் இரண்டு வருடத்துக்கு மேலாகப் பொறுமையாகப் பங்களித்து, களைத்துப்போயிருந்த மெயின்டெயினரின் நம்பிக்கையைப் பெற்று, கடைசியில் உள்ளே கள்ளக்கதவு வைத்தார். புது முகம் என்றால் இப்போது சந்தேகமாகப் பார்ப்பதற்கு இதுவும் ஒரு காரணம். உங்கள் பிள்ளைகள் வந்து சேர்ந்த நேரம் அப்படி.

சரி, முதல்வர் சொன்ன கதைக்கு வருகிறேன். 1991இல் ஹெல்சின்கி பல்கலைக்கழக மாணவர், 21 வயது, லினக்ஸ். எல்லாம் உண்மைதான். ஆனால் ஓர் ஆசிரியை எடுத்துக்கொள்ள வேண்டிய ஆள் அந்தக் கதையில் லினஸ் இல்லை, ஆம்ஸ்டர்டாமில் பாடம் நடத்திக்கொண்டிருந்த ஆண்ட்ரூ டானன்பாம். 1987இல் அவர் மினிக்ஸ் என்ற சின்ன ஆபரேட்டிங் சிஸ்டத்தை எழுதி, அதன் மூல நிரலைப் பாடப்புத்தகத்தோடு சேர்த்து வெளியிட்டார். மாணவர்கள் உட்கார்ந்து படித்துப் புரிந்துகொள்ளும் அளவுக்குச் சின்னது என்பதுதான் அதன் விசேஷம். லினஸ் தன் கணினியில் அதைப் போட்டுத்தான் ஆரம்பித்தார். 1992 ஜனவரியில் இருவருக்கும் இணையத்தில் பெரிய சண்டை வந்தது. நீ என் மாணவனாக இல்லாததற்குச் சந்தோஷப்படு, இந்த வடிவமைப்புக்கு நல்ல மார்க் வாங்கியிருக்க மாட்டாய் என்கிற மாதிரி டானன்பாம் எழுதினார். மார்க் போடுகிறவர்கள் அவ்வப்போது நினைத்துப் பார்க்க வேண்டிய சம்பவம். ஆனால் படிக்கிற மாதிரி ஒன்றைக் கையில் கொடுத்தவரும் அவர்தானே.

நம் கல்லூரிகளில் விட்டுப்போவது அந்தப் படிப்புதான். நான்கு வருடத்தில் மாணவன் எவ்வளவோ கோட் எழுதுகிறான், ரெக்கார்ட் நோட்டில் காப்பியும் அடிக்கிறான். அடுத்தவர் எழுதிய ஐயாயிரம் வரியைத் திறந்து வைத்து, இது இங்கே ஏன் இருக்கிறது என்று ஒரு மாதம் மண்டையை உடைத்துக்கொள்வது மட்டும் எந்த செமஸ்டரிலும் கிடையாது. கடைசி வருட பிராஜெக்டையே வடபழனியிலும் தி.நகரிலும் பணம் கொடுத்து வாங்கிவந்து, கறுப்பு அட்டையில் தங்க எழுத்துப் போட்டுக் கொடுக்கும் ஊர் இது.

அந்த நாட்களில் ஐஐடி வளாகத்தில் கஜேந்திர சர்க்கிள் அருகே ஒரு வகுப்பறையில், மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை, சென்னை லினக்ஸ் பயனர் குழு கூடும். மான்களைத் தாண்டி நடந்து போவோம். அங்கே யாரும் என்னைப் 'பங்களி' என்று சொன்னதில்லை. யாராவது ஒருவர் வேலை செய்யாத எதையாவது தூக்கிக்கொண்டு வருவார். நாலு பேர் சுற்றி நின்று அது ஏன் வேலை செய்யவில்லை என்று பார்ப்பார்கள். நான் கற்றுக்கொண்டதில் பாதி அங்கே நின்று பார்த்தது.

இனி உங்கள் விதி. அதை மாற்ற முடியாது என்கிறீர்கள். மாற்ற வேண்டாம், நன்றாகப் படித்துப் பாருங்கள். 'ஏதேனும் ஒரு திறந்த மூல மென்பொருள்' என்றுதானே இருக்கிறது? யாருடையது என்று இல்லையே. துறைக்கே ஒரு ரெப்போ திறங்கள். உரிமம் போடுங்கள், யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று வையுங்கள். முதல் புல் ரிக்வெஸ்ட் அங்கேதான் வர வேண்டும்.

அதில் என்ன வைப்பது? உங்கள் காலேஜ் பஸ்கள். எந்த ரூட், எந்த ஸ்டாப், எத்தனை மணிக்கு. நோட்டீஸ் போர்டில் மங்கலான ஜெராக்ஸாகத் தொங்குகிற விஷயம், 120 பேருக்கும் தினம் தேவைப்படுவது. ஸ்டாப் பெயர்களைத் தமிழில் வையுங்கள் என்பது என் பிடிவாதம். காரணம் இருக்கிறது.

பெயர்களை அகரவரிசைப்படுத்தச் சொல்லுங்கள். மாணவன் பைத்தான் மொழியில் சாதாரணமாக வரிசைப்படுத்துவான். பனையூர், பம்மல், பல்லாவரம் என்று வரும். அகராதியைத் திறந்து பாருங்கள்: பம்மல், பல்லாவரம், பனையூர். நம் நெடுங்கணக்கில் 'ன' கடைசி எழுத்து. யுனிகோட் பட்டியலில் அது 'ந'வுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது. இந்திய எழுத்துகளையெல்லாம் ஒரே அச்சில் வார்த்த இஸ்கி என்ற பழைய தரத்திலிருந்து அப்படியே வந்த இருக்கை அது. சரியான வரிசை யுனிகோட் தரவுகளில் தனியாக இருக்கிறது, கூப்பிட்டால் வரும். எத்தனையோ மென்பொருள்கள் கூப்பிடுவதில்லை. ஏன் என்றால், அதை எழுதியவருக்குப் பனையூர் கடைசியில் வர வேண்டும் என்று தெரியாது.

அடுத்து, தேடல். கோயம்பேடு என்று தேடினால் ஒரு பஸ் கிடைக்கும், இன்னொன்று கிடைக்காது. திரையில் இரண்டும் ஒரே கோயம்பேடுதான். 'கோ'வை இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: ககரத்தோடு ஓகாரக் குறியை ஒரே துண்டாக வைக்கலாம், அல்லது ஏகாரக் கொம்பையும் காலையும் தனித்தனித் துண்டுகளாக வைக்கலாம். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. இரண்டையும் ஒன்றாக்கிவிட்டுத் தேட வேண்டும், அதற்கு ஒரு வரி போதும். அந்த ஒரு வரிக்குப் போய்ச் சேர உங்கள் மாணவனுக்கு ஒரு வாரம் ஆகும். ஆகட்டும். 'தமிழ்' என்ற சொல்லின் நீளத்தைக் கேட்டால் பைத்தான் 5 என்று சொல்லும். ஏன் 3 இல்லை என்று வைவாவில் கேளுங்கள், யார் படித்தார்கள் என்று தெரிந்துவிடும். ஓப்பன்-தமிழ் என்ற பைத்தான் தொகுப்பு எழுத்தெழுத்தாகப் பிரித்துத் தரும். அதுவும் திறந்த மூலம்தான், உள்ளே போய்ப் படிக்கலாம்.

அப்புறம், மெயின்டெயினர் வேலையையும் பிள்ளைகளிடமே கொடுங்கள். வாரம் ஆறு பேர். வருகிற ஒவ்வொன்றையும் தங்கள் கணினியில் ஓட்டிப் பார்த்து, சேர்ப்பதா வேண்டாமா என்று முடிவு செய்து, வேண்டாம் என்றால் காரணம் எழுத வேண்டும். மார்க்கில் பாதி இதற்கு. இருபது கமாவை மூடிய பிறகு இருபத்தொன்றாவது ஆளாகப் போய்க் கமா போட யாருக்கும் மனம் வராது.

இரண்டாவது புல் ரிக்வெஸ்ட் வெளியே போகலாம். எல்லாரும் போக வேண்டாம். உள்ளே வேலை செய்யும்போது பனையூர் மாதிரி ஒன்று வேறொரு மென்பொருளிலும் கண்ணில் படும், அப்போது போகட்டும். எந்தப் பதிப்பு, என்ன செய்தேன், என்ன வந்தது, என்ன வந்திருக்க வேண்டும் என்று ஒழுங்காக எழுதிய ஒரு பிழை அறிக்கையை, கோடே இல்லாவிட்டாலும், ஒரு புல் ரிக்வெஸ்டுக்குச் சமமாக எடுத்துக்கொள்ள உங்கள் ஹெச்.ஓ.டி.யிடம் கேட்டுப் பாருங்கள். மற்றவர்களுக்கு இரண்டாவதும் பஸ் ரெப்போவிலேயே இருக்கட்டும். கல்லூரிகளுக்குத் தரச்சான்று தரும் நாக் மதிப்பீட்டின்போது காட்டுவதற்கும் அது வசதி. திறந்த மூலத்தில் வேலை செய்யக் கூகுள் பணம் தரும் சம்மர் ஆஃப் கோட் பற்றிப் பிள்ளைகள் கட்டாயம் கேட்பார்கள். 2005இலிருந்து நடக்கிறது, 2022இலிருந்து மாணவராக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. அங்கேயும் முன்கூட்டியே அந்த மென்பொருளின் நிரலைப் படித்து, அந்த ஆட்களோடு பேசிப் பழகியவர்களுக்குத்தான் வாய்ப்பு அதிகம்.

ஒரு சில்லறை விஷயம், ஆனால் எல்லாம் இதில்தான் கவிழும். உங்கள் லேபில், திருத்தங்களைப் பதிந்து அனுப்பும் கிட் என்ற கருவி நிறுவியிருக்கிறதா? கல்லூரியின் இணையத்தை வடிகட்டும் பிராக்சி கிட்ஹப்பை விடுகிறதா? அட்மின் பாஸ்வேர்டு யாரிடம் இருக்கிறது, அவர் லீவில் போனால் என்ன ஆகும்? முதலில் அந்த சிஸ்டம் அட்மினுக்கு ஒரு காபி வாங்கிக் கொடுங்கள்.

அந்தப் பெண்ணிடம், தான் அனுப்பிய திருத்தத்தைத் தன் கணினியிலேயே போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். தலைப்பு கறுப்பாகும். பிறகு 'யு'வை எடுக்கச் சொல்லுங்கள். முதல் வார ஆறு மெயின்டெயினர்களில் அவளும் இருக்கட்டும்.

சனிக்கிழமை மதியம் என்றால் நானும் வர முடியும். தாம்பரத்திலிருந்து உங்கள் காலேஜ் பஸ்ஸே கூட்டிவந்தால் நல்லது, நேரம் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிடுவேன். மேடை, பொன்னாடை, குத்துவிளக்கு எதுவும் வேண்டாம். லேப் திறந்திருக்கட்டும்.