செங்கல் பொடியில் ஓர் ஆட்டம்

கேள்வி: விம்பிள்டனை ஏழு முறை வென்ற டென்னிஸ் வீரர் பீட் சாம்ப்ராஸ், பிரெஞ்சு ஓப்பனை ஒருமுறைகூட வெல்லவில்லையே, ஏன்?
- ஒரு வாசகர், தேனி

பதில்: முக்கியக் காரணம் தரைதான். களிமண் தரை என்கிறோமே தவிர, பிரெஞ்சு ஓப்பன் நடக்கும் பாரிஸில் மேலே இருப்பது நொறுக்கிய செங்கல் பொடி. அதுவும் ஓரிரு மில்லிமீட்டர் கனம்தான்; அதற்கு அடியில் சுண்ணாம்புக்கல் தூள். பந்து பொடியில் உரசி, வேகம் குறைந்து, உயரமாக எழும்பும். விம்பிள்டன் புல்லில் வழுக்கிக்கொண்டு பறக்கும் சாம்ப்ராஸின் சர்வீஸை இங்கே திருப்பி அடிக்க எதிராளிக்கு நேரம் கிடைத்துவிடும். 1996-இல் அரையிறுதி வரை வந்தார், அவ்வளவுதான். ஸ்பெயின் வீரர் ரஃபேல் நடாலுக்கோ அந்த எழும்பல்தான் ஆயுதம். அங்கே 14 பட்டங்கள்!

அப்புறம், எனக்கு மிகவும் பிடித்த காட்சி ஒன்று உண்டு. பந்து கோட்டுக்கு உள்ளே விழுந்ததா, வெளியே விழுந்ததா என்று சந்தேகம் வந்தால் நடுவர் நாற்காலியிலிருந்து இறங்கி வந்து, பொடியில் பதிந்த பந்தின் தடத்தைக் குனிந்து பார்ப்பார். அதற்காகவே மே கடைசியில் டிவி முன் உட்கார்ந்துவிடுவேன்.