பித்தப்பை எடுத்தாச்சு, இனிமே என்ன சாப்பிடலாம்? உங்க கேள்விகளும் என் பதில்களும்

சர்ஜரி வார்டுல டயட்டீஷியனா வேலை பாக்குறேன், பித்தப்பை கல்லு ஆபரேஷன் முடிஞ்சு வீட்டுக்குப் போனவங்க கேக்குற கேள்வி நிறைய சேர்ந்துடுச்சு. முதல் கேள்விக்கு சாப்பாட்டுல பதில் கிடையாது, ஆனா அது தள்ளிப்போடக் கூடாத கேள்விங்கறதால அத முன்னாடி எடுத்துக்கிட்டேன்.

ஆபரேஷன் ஆகி ஒரு மாசம் ஆச்சு மேடம். ரெண்டு நாளா வலது விலாவுக்குக் கீழ வலி, யூரின் டீ டிகாஷன் மாதிரி போகுது, குளிர் காய்ச்சல் வேற. கல்யாண வீட்டு சாப்பாடு ஒத்துக்கலையோ?

சாப்பாடு காரணம் இல்லங்க. இன்னைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்க, நாளைக்குன்னு வைக்காதீங்க. பையை எடுத்த பிறகும் பித்தக் குழாய்ல ஒரு கல்லு தங்கியிருக்கலாம், சிலருக்கு புதுசா கூட உருவாகும். அது குழாய அடைச்சா பித்தம் குடலுக்கு வராம ரத்தத்துல ஏறிடும், அதனாலதான் யூரின் கறுத்துப் போறது, கண்ணு மஞ்சளாகுறது, மலம் வெளுத்து களிமண் மாதிரி போறது எல்லாம். கூடவே காய்ச்சலும் குளிரும் இருந்தா குழாய்ல தொற்று ஆகியிருக்கலாம், அது உயிருக்கே ஆபத்து. ரத்த டெஸ்ட்டும் ஸ்கேனும் பாப்பாங்க, கல்லு இருந்தா பெரும்பாலும் வயித்தைத் திறக்காம வாய் வழியா டியூப் விட்டே எடுத்துடுவாங்க. மஞ்சள் காமாலைன்னு கீழாநெல்லி அரைச்சுக் குடிச்சுட்டு நாலு நாள் கழிச்சு வந்தவங்கள பாத்திருக்கேன், தயவு செஞ்சு அப்படிப் பண்ணாதீங்க. டிஸ்சார்ஜ் சம்மரிய கையில எடுத்துட்டுப் போங்க.

லேப்ராஸ்கோபி முடிஞ்சு 20 நாள் ஆச்சு. மாமியார் கஞ்சியும் ரசம் சாதமும் தவிர எதுவும் தர மாட்டேங்கறாங்க. வாழ்க்கை பூரா பத்தியமா?

இல்லம்மா. அவங்க பயத்துல பண்றாங்க, இத அவங்களுக்கும் படிச்சுக் காட்டுங்க. பித்தநீர சுரக்குறது கல்லீரல், தினமும் அரை லிட்டர்ல இருந்து ஒரு லிட்டர் வரைக்கும் சுரக்கும், அது இப்பவும் அப்படியேதான் நடக்குது. பித்தப்பைங்கறது சேமிச்சு வைக்கிற இடம் மட்டும்தான், 30-50 மில்லி பிடிக்கும், தண்ணிய உறிஞ்சி கெட்டியாக்கி வச்சிருந்து நீங்க எண்ணெய் பண்டம் சாப்பிட்டதும் சுருங்கி மொத்தமா ஊத்தும். இப்ப அந்தப் பை இல்ல, அதனால பித்தம் நாள் பூரா கொஞ்சம் கொஞ்சமா குடல்ல இறங்கிட்டே இருக்கு. கொழுப்பு செரிக்கும், ஆனா ஒரே வேளைல நிறைய வந்தா திணறும், விஷயம் இவ்வளவுதான். 20 நாள் ஆயிடுச்சுன்னா இட்லி, இடியாப்பம், சாம்பார் சாதம், நல்லா வேகவச்ச காய், பாசிப்பருப்பு, மீன் குழம்பு, தோல் எடுத்த சிக்கன், முட்டை எல்லாம் ஒவ்வொண்ணா சேத்துக்கலாம், மூணு பெரிய சாப்பாட்ட அஞ்சு சின்ன சாப்பாடா பிரிச்சுக்கங்க. புண்ணு ஆற புரோட்டீன் வேணும், வெறும் கஞ்சில அது கிடையாது.

சாப்பிட்டு கை கழுவுறதுக்குள்ள பாத்ரூம் ஓடணும். ஆபீஸ் போகவே பயமா இருக்கு.

இந்தக் கேள்விதான் அதிகமா வருது, வெளிய சொல்ல கூச்சப்பட்டு தனக்குள்ளயே வச்சுக்கிட்டு கஷ்டப்படுறவங்க நிறைய பேர். சிறுகுடல்ல திரும்ப உறிஞ்சப்பட வேண்டிய பித்த அமிலம் கொஞ்சம் மிச்சமாகி பெருங்குடலுக்குப் போயிடுது, அங்க போய் தண்ணிய இழுத்து விட்டுடும், அதான் அவசரமா போகுது. நிறைய பேருக்கு சில வாரத்துலயோ சில மாசத்துலயோ தானா சரியாகும். அதுவரைக்கும் வெறும் வயித்துல காபி வேணாம், ரெண்டு இட்லி உள்ள போன பிறகு குடிங்க. பொரிச்சது, அதிக காரம், கெட்டிப் பால் ஸ்வீட்டெல்லாம் கொஞ்ச நாள் தள்ளி வைங்க. ஓட்ஸ், வாழைப்பழம், கேரட் மாதிரி கரையுற நார்ச்சத்து உள்ளது சேருங்க, இசப்கோல் ஒரு டீஸ்பூன் நிறைய தண்ணில கலக்கிக் குடிச்சாலும் மலம் கெட்டிப்படும். நார்ச்சத்த ஒரே நாள்ல கூட்டினா வயிறு உப்பிக்கும், மெதுவா கூட்டுங்க. என்ன சாப்பிட்டா எப்ப ஓட வேண்டி வருதுன்னு ரெண்டு வாரம் ஒரு நோட்டுல எழுதுனீங்கன்னா உங்களுக்கே தெரிஞ்சுடும், ஒருத்தருக்கு பால், இன்னொருத்தருக்கு தேங்காப்பால் குருமா, ஆளாளுக்கு மாறும்.

இதுக்கும் அடங்கலைன்னா டாக்டர்கிட்ட சொல்லுங்க, பித்த அமிலத்தப் பிடிச்சு வைக்கிற கொலஸ்டிரமின்னு ஒரு பவுடர் இருக்கு, பலருக்கு நல்லா கேக்குது. அது மத்த மாத்திரையையும் சேத்துப் பிடிச்சுக்கும், அதனால தைராய்டு மாத்திரை மாதிரி எது எடுத்தாலும் அந்த மாத்திரைய பவுடர் குடிக்கிறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடியோ, பவுடர் குடிச்சு 4-6 மணி நேரம் கழிச்சோ எடுக்கணும். மலத்துல ரத்தம், ராத்திரி தூக்கத்துல எழுப்பி விடுற பேதி, காரணமில்லாம எடை குறையுறது இருந்தா பித்தப்பை எடுத்ததாலதான்னு நீங்களே முடிவு பண்ணிக்காதீங்க, காட்டிடுங்க.

நெய் பொங்கல், பிரியாணி இனிமே கனவுதானா?

கனவெல்லாம் இல்ல. ரெண்டு மூணு மாசம் போகட்டும், அப்புறம் கால் பிளேட்ல ஆரம்பிங்க, வயிறு ஏத்துக்கிட்டா அடுத்த தடவை கொஞ்சம் கூட்டுங்க. ஒரு டீஸ்பூன் எண்ணெயோ நெய்யோ கிட்டத்தட்ட 5 கிராம் கொழுப்பு, அந்தக் கணக்குல பாத்தா வேளைக்கு ரெண்டு ஸ்பூன் பெரும்பாலானவங்களுக்குத் தாங்கும். பொங்கல் சாப்பிடுற அன்னைக்கு கூட மெதுவடை வேணாம், அவ்வளவுதான். பாலையும் கணக்குல சேக்கணும்: 6 சதவீத கொழுப்புள்ள பால் ஒரு டம்ளர் 200 மில்லி குடிச்சா 12 கிராம், 3 சதவீத பால்னா அதுல பாதிதான்.

தங்கச்சிக்கும் கல்லு இருக்கு. ஆலிவ் ஆயிலும் எலுமிச்சை சாறும் குடிச்சா கல்லு மலத்துல வந்துடும்னு வீடியோ பாத்தோம், குடிக்கலாமா?

வேணாம். பச்சையா உருண்டை உருண்டையா வெளிய வர்றது கல்லு இல்ல, குடிச்ச எண்ணெய் குடல்ல சோப்பு மாதிரி கட்டிப்போறது. அவ்வளவு எண்ணெய் போனா பை இறுக சுருங்கும், கல்லு நகந்து குழாய்ல மாட்டுனா முதல் கேள்வில இருக்கிறவர் நிலைமைதான், கணையத்துலயும் வீக்கம் வரலாம். சர்ஜன்கிட்ட ஸ்கேன் ரிப்போர்ட்ட காட்டுங்க.

ஆபரேஷன் வயித்துல, ஆனா தோள்பட்டை வலிக்குதே?

லேப்ராஸ்கோபிக்காக வயித்துக்குள்ள ஊதுன கேஸ் உதரவிதானத்த, அதாவது நெஞ்சுக்கும் வயித்துக்கும் நடுவுல இருக்கிற தசைய உறுத்துறதுதான், அந்த வலி தோள்பட்டைல தெரியும், ரெண்டு மூணு நாள்ல போயிடும், வீட்டுக்குள்ளயே மெதுவா நடங்க. நெஞ்சு வலியோ மூச்சுத் திணறலோ கூட வந்தா அது வேற, உடனே போங்க.

சஷ்டிக்கு ஆறு நாள் விரதம் இருப்பேன், இந்த வருஷம் இருக்கலாமா?

எப்ப ஆபரேஷன்னு எழுதலையே நீங்க. ஒரு மாசத்துக்குள்ளன்னா வேணாம், முருகன் கோச்சுக்க மாட்டார். அதத் தாண்டியிருந்தா, சுகர் மாத்திரை எதுவும் எடுக்கலைன்னா, பழமும் மோரும் அப்பப்ப எடுத்துட்டு இருங்க, முழுப் பட்டினி வேணாம். விரதம் முடிக்கிற அன்னைக்கு வடை பாயசத்தோட இலை நிறைய சாப்பிடாம முதல்ல ரெண்டு இட்லியோ கொஞ்சம் ரசம் சாதமோ சாப்பிட்டுட்டு, ரெண்டு மணி நேரம் கழிச்சு மத்தத தொடுங்க.