ஃபேனே இல்லாத வீட்டுக்கு இவ்வளவு கரண்ட் பில்லா?

கேள்வி: கோயம்புத்தூரில் இருக்கும் தங்கை வீட்டில் ராத்திரி முழுக்க இரண்டு ஃபேன் ஓடுகிறது. எங்கள் வீட்டில் ஃபேன் மாட்டக் கொக்கிகூடக் கிடையாது. ஆனால் பில் எங்களுக்குத்தான் அதிகம். மீட்டரில் கோளாறா? வீட்டில் நாங்கள் நாலு பேர்தான்.
– ஒரு வாசகி, குன்னூர்

பதில்: மீட்டரைச் சந்தேகப்படுவதற்கு முன்னால் குளியலறையை எட்டிப் பாருங்கள் அம்மா. கீசர் இருக்கிறதா? அப்போ மீட்டர் பாவம், விட்டுவிடுங்கள்.

ஒரு ஃபேன் 75 வாட் என்று வைத்தால் இரண்டு ஃபேன் பத்து மணி நேரம் ஓடி ஒன்றரை யூனிட் எடுக்கும். இப்போது உங்கள் பக்கெட்டுக்கு வருவோம். ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க ஒரு கிலோ கலோரி வேண்டும். ஜனவரி காலையில் குழாயில் வருவது 10 டிகிரி, மேலுக்கு ஊற்ற இதமாக இருப்பது 42 டிகிரி, பக்கெட் 15 லிட்டர் என்றால் 480 கிலோ கலோரி. ஒரு யூனிட் கரண்ட் 860 கிலோ கலோரிக்குச் சமம், ஆக ஒரு பக்கெட்டுக்கு அரை யூனிட்டுக்கு மேல் போகிறது. நாலு பேருக்கு ஒரு நாளைக்கு இரண்டே கால் யூனிட். இரண்டு மாதத்துக்குக் கூட்டினால் 134 யூனிட் வருகிறது, அதாவது அரசு இலவசமாகத் தரும் 100 யூனிட் குளியலறையிலேயே தீர்ந்துவிடுகிறது. இதுவும் ஆளுக்கு ஒரே பக்கெட் என்ற கணக்கில்தான், தலைக்குக் குளிக்கிற நாளைச் சேர்க்கவில்லை.

அரை யூனிட் என்றால் கொஞ்சம்தானே என்று தோன்றும். 60 கிலோ ஆளை மேட்டுப்பாளையத்திலிருந்து தொட்டபெட்டா உச்சிவரை, கிட்டத்தட்ட 2,300 மீட்டர், தூக்கிக்கொண்டு போக எவ்வளவு ஆற்றல் வேண்டும் தெரியுமா? வெறும் தூக்குவதற்கு மட்டும் 0.4 யூனிட்கூட ஆகாது. (பஸ் எஞ்சின் வீணாக்குவதெல்லாம் தனிக் கதை.) நீங்கள் காலையில் ஊற்றிக்கொள்ளும் ஒரு பக்கெட் வெந்நீர் அதைவிடச் செலவு பிடித்தது. வெளிச்சம் மலிவு, 9 வாட் எல்இடி பல்பு ஒரு யூனிட்டில் நூறு மணி நேரத்துக்கு மேல் எரியும். விலை பிடித்தது சூடு ஒன்றுதான், நம் மலைக்காரர்களுக்கு அதிகம் தேவைப்படுவதும் அதுதான்.

கீசரை நாள் முழுக்க ஆனில் விடாதீர்கள், குளிக்க இருபது நிமிடம் முன்னால் போட்டால் போதும். அதை விட்டுவிட்டு ஹீட்டர் ராடு வாங்கினால் மிச்சமாகும் என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம், அதே தண்ணீருக்கு அதே சூடு, யூனிட்டும் ஏறக்குறைய அதேதான். வெளியே சீகை விறகு எரியும் வெந்நீர் அடுப்பு இருந்தால் அதைப் பழையது என்று இடித்துத் தள்ளவும் வேண்டாம்.

கேள்வி: ஆற்றல் ஏன் தேவை என்று கட்டுரை எழுதச் சொல்லியிருக்கிறார்கள். சும்மா உட்கார்ந்திருந்தால் ஆற்றல் தேவைப்படாதுதானே?
– ஒரு மாணவன், கூடலூர்

பதில்: தேவைப்படும் தம்பி. நீ சும்மா இருந்தாலும் இதயம் சும்மா இல்லை, மூச்சு சும்மா இல்லை, உடம்பு 37 டிகிரியில் நிற்கவேண்டும். பெரியவர் ஒருவர் நாளைக்கு 2,000 கிலோ கலோரி சாப்பிடுகிறார் என்றால் அது 2.3 யூனிட். 24 மணி நேரத்துக்கு வகுத்துப் பார், பழைய 100 வாட் குண்டு பல்பு ஒன்று விடாமல் எரிகிற மாதிரி.

அப்புறம், தேயிலைத் தோட்டத்தில் இலை மூட்டையோடு ஏறும் அக்காக்களைப் பார்த்திருப்பாய். உடம்பும் மூட்டையும் சேர்த்து 80 கிலோ, சரிவு 100 மீட்டர் உயரம் என்றால் அந்த வேலைக்குத் தேவை 19 கிலோ கலோரி. ஆனால் தசை எரிப்பதில் கால் பங்குதான் வேலையாக மாறும், மிச்சம் சூடாகப் போகிறது. அதனால்தான் பனி விலகாத காலையிலும் மேலே வந்து மூட்டையை இறக்கும்போது ஸ்வெட்டர் இடுப்பில் கட்டியிருக்கும், நெற்றியில் வியர்வை வழியும். குளிரில் உடம்பு நடுங்குவதும் இதே கணக்குதான், சூடு வேண்டும் என்பதற்காகத் தசை வேலையில்லாமலே ஆடுகிறது. இதைக் கட்டுரையில் எழுது, ‘ஆற்றல் இன்றியமையாதது’ என்று பத்துத் தடவை எழுதாதே.

கேள்வி: பைகாரா, குந்தா என்று நம் மலையிலேயே கரண்ட் எடுக்கிறார்கள். ஆனால் பெருமழை வந்தால் எங்கள் ஊரில் இரண்டு நாள் இருட்டு. இது நியாயமா?
– ஒரு வாசகர், கோத்தகிரி

பதில்: கோபம் நியாயம். ஆனால் கரண்ட் எடுப்பது வேறு, வீடுவரை கொண்டுவருவது வேறு. பைகாரா 1932-ல் ஓட ஆரம்பித்தபோதே அந்தக் கரண்ட் கோயம்புத்தூர் மில்களை ஓட்டத்தான் கீழே இறங்கியது. உங்கள் தெருவுக்கு வரும் கம்பி மரங்களுக்கு நடுவே வருகிறது, ஒரு கற்பூர மரம் சாய்ந்தால் போதும். மழைக்கு முன்னாலேயே கிளை வெட்டச் சொல்லி எழுதிக் கொடுங்கள், ஊராகச் சேர்ந்து கொடுத்தால் இன்னும் நல்லது.

இன்னொன்று. பைகாராவில் கரண்ட் எடுக்கும் தண்ணீர், மேலே கிளென்மார்கனிலிருந்து கீழே மின்நிலையம் இருக்கும் சிங்காராவுக்கு 900 மீட்டருக்கு மேல் விழுகிறது. மொட்டை மாடியில் வைக்கும் ஆயிரம் லிட்டர் டேங்க் ஒன்றை முழுசாக அங்கிருந்து கொட்டினால் கிடைப்பது இரண்டு யூனிட்டும் கொஞ்சமும். மேலே குன்னூர் அம்மா வீட்டில் நாலு பேர் குளிக்கிற வெந்நீருக்கு அது சரியாகப் போய்விடும்!

கேள்வி: ஊட்டியில் பருப்பு ஏன் வேகவே மாட்டேன் என்கிறது? கேஸ் கரைகிறது.
– புதிதாகக் குடிவந்த வாசகி

பதில்: அங்கே தண்ணீர் 93 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடும். தீயைக் கூட்டினாலும் அதற்கு மேல் ஏறாது, கேஸ்தான் வீண். திறந்த பாத்திரத்தை மறந்துவிட்டு குக்கரில் போடுங்கள்.

கேள்வி: ராத்திரி குளிர் தாங்கவில்லை. கரி அடுப்பை அறைக்குள் வைத்துக்கொண்டு தூங்கலாமா? ரூம் ஹீட்டர் வாங்க வசதியில்லை.
– ஒரு வாசகர், கொடைக்கானல்

பதில்: கூடவே கூடாது. கதவு ஜன்னல் சாத்திய அறையில் கரி கனன்றால் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு மணம் கிடையாது, நிறம் கிடையாது, புகை அடங்கிவிட்டது என்று நீங்கள் நிம்மதியாகப் படுக்கும் நேரத்தில்தான் அது வேலையைக் காட்டும், தூக்கத்திலேயே ஆள் போய்விடுவார். டென்டுக்குள்ளும் இதே கதைதான். விருந்தினர் யாராவது கேட்டாலும் கொடுக்காதீர்கள்.

அறையைச் சூடாக்க வேண்டாம், ஆளைச் சூடாக்கினால் போதும். 2,000 வாட் ஹீட்டர் எட்டு மணி நேரம் முழு வேகத்தில் ஓடினால் 16 யூனிட். ஒன்றரை லிட்டர் வெந்நீர்ப் பைக்கு 70 டிகிரித் தண்ணீர் காய்ச்ச ஆவது யூனிட்டில் பத்தில் ஒரு பங்கு. துணி சுற்றிக் கம்பளிக்குள் கால்மாட்டில் வையுங்கள், மூடியை மட்டும் நன்றாக இறுக்கிவிடுங்கள்.