ஆய்வக விலங்குப் பராமரிப்பில் பயிற்சியும் கருவிகளும்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: விலங்கறைப் பணியில் புதிதாகச் சேர்ந்திருக்கிறேன். மூத்த பணியாளர்கள் சுண்டெலியை வாலைப் பிடித்துத் தூக்கக் கற்றுக்கொடுத்தார்கள். பயிற்சி வகுப்பிலோ குழாயில் ஏற்றித்தான் எடுக்க வேண்டும் என்கிறார்கள். எதைப் பின்பற்றுவது? நூற்றுக்கணக்கான கூண்டுகளை மாற்ற வேண்டிய நாளில் குழாய்க்கு நேரம் கிடைக்குமா?

பதில்: குழாய் முறையையே பின்பற்றுங்கள். வாலைப் பிடித்துத் தூக்குவது பல பத்தாண்டுகளாக உலகெங்கும் இருந்த வழக்கம் என்பதால் மூத்த பணியாளர்களைக் குறைசொல்ல இடமில்லை. அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கப்பட்டது அதுதான். ஆனால் லிவர்பூல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜேன் ஹர்ஸ்ட், ரெபெக்கா வெஸ்ட் ஆகிய இருவரும் 2010-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு, வாலைப் பிடித்துத் தூக்கப்பட்ட சுண்டெலிகள் மனிதக் கையைக் கண்டு விலகுவதையும், குழாயிலோ குவித்த உள்ளங்கைகளிலோ எடுக்கப்பட்டவை தாமாகவே கையை நெருங்கி வருவதையும், அவற்றின் அச்ச அறிகுறிகள் குறைவாக இருப்பதையும் தெளிவாகக் காட்டியது. அதே பல்கலைக்கழகத்திலிருந்து 2017-இல் வந்த மற்றோர் ஆய்வு இன்னும் ஒரு படி மேலே சென்றது. வாலால் தூக்கப்பட்ட விலங்குகள் நடத்தைச் சோதனைகளில் புதியவற்றை ஆராயவே தயங்கியதால் அவற்றின் முடிவுகள் நம்பத்தக்கவையாக இல்லை என்பதையும், குழாயில் எடுக்கப்பட்டவை அதே சோதனையில் நன்றாகச் செயல்பட்டன என்பதையும் அது எடுத்துக்காட்டியது. ஆகவே, விலங்கை நாம் தொடும் விதம் ஆய்வின் முடிவுக்குள்ளும் நுழைந்துவிடுகிறது.

செய்முறை எளிது; ஆனால் அவசரப்படக் கூடாது. குழாயைக் கூண்டிலேயே நிரந்தரமாக வைத்துவிட்டால் விலங்குக்கு அது பழகிய பொருளாகிவிடும். எடுக்கும்போது குழாயைக் கூண்டின் சுவரை ஒட்டிப் படுக்கை வசத்தில் வைத்து, மறு கையால் விலங்கைக் குழாயின் வாய்ப்பக்கம் மெல்ல நகர்த்துங்கள், துரத்தாதீர்கள். உள்ளே சென்றதும் இரு முனைகளையும் கையால் தளர்வாக மறைத்துத் தூக்கி, புதிய கூண்டில் குழாயைச் சாய்த்தால், விலங்கு பின்புறமாகச் சறுக்கி இறங்கிவிடும். தொடக்க நாட்களில் நேரம் சற்றுக் கூடுதலாகத்தான் ஆகும். ஆனால் வழக்கமான கூண்டு மாற்றத்தின்போது இரண்டு வினாடி அளவுக்குக் குழாயில் எடுத்தாலே அச்சம் குறைகிறது என்று பின்னர் கண்டறியப்பட்டுள்ளது. எனவே இதற்கெனத் தனி நேரம் ஒதுக்க வேண்டியதில்லை. ஊசி போடுவதற்காகப் பிடரித் தோலைப் பற்ற வேண்டிய தேவை ஏற்பட்டாலும், எடுத்த விதத்தால் கிடைத்த நன்மை அதனால் அழிந்துவிடுவதில்லை.

கூண்டு மாற்றத்தைப் பற்றிக் கேட்டதால் மற்றொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஆண் சுண்டெலிகள் கூண்டு மாற்றியவுடன் ஒன்றையொன்று கடித்துக்கொள்வது பெருந்தொல்லை. பழைய கூண்டிலிருந்து கூடு கட்டிய பஞ்சையோ காகிதத்தையோ புதிய கூண்டுக்கு மாற்றினால் இந்தச் சண்டை குறைகிறது. சிறுநீர் படிந்த மரத்தூளை மாற்றினாலோ கூடுகிறது. இந்த நுட்பம் கைவந்த ஒரு பணியாளர் காயமடைந்த விலங்குகளின் எண்ணிக்கையைக் கண்கூடாகக் குறைத்துவிடுவார்.

கேள்வி: எங்கள் நிறுவனம் கேமராவும் சென்சாரும் பொருத்திய கூண்டுகளை வாங்கவிருக்கிறது. இவை இரவு பகலாகக் கண்காணிக்கும் என்பதால் தினசரிப் பார்வையிடலையும் பணியாளர்களையும் குறைக்கலாம் என்று நிர்வாகம் கருதுகிறது. மேற்பார்வையாளர் என்ற முறையில் நான் என்ன சொல்ல வேண்டும்?

பதில்: கருவிகளை வாங்குவதற்கு ஆதரவாகவும், ஆட்களைக் குறைப்பதற்கு எதிராகவும் சொல்லுங்கள். இரண்டுக்கும் வலுவான காரணங்கள் உண்டு.

சுண்டெலியும் எலியும் இரவில் இயங்குபவை. நாம் விளக்கேற்றி வேலை செய்யும் நேரம் பெரும்பாலும் அவற்றின் உறக்க நேரம். அதோடு, பிற விலங்குகளுக்கு இரையாகும் உயிரினங்கள் என்பதால், அச்சுறுத்தும் ஒருவர் அருகில் நிற்கும்போது வலியையும் தளர்ச்சியையும் வெளிக்காட்டாமல் மறைத்துக்கொள்ளும் இயல்பு அவற்றுக்கு உண்டு. பகலில் அரை நிமிடம் கூண்டை எட்டிப் பார்க்கும் மனிதக் கண்ணுக்குத் தப்புவதை, இருளில் அகச்சிவப்பு ஒளியில் பதிவு செய்யும் கேமரா பிடித்துவிடும். ஓட்டம் குறைந்திருக்கிறது, நீர் அருந்துவது நின்றிருக்கிறது, வழக்கமான நேரத்தில் விழிக்கவில்லை என்பன போன்ற மாற்றங்கள், எடை குறைந்து முடி சிலிர்த்து நிற்கும் நிலைக்கு முன்பே தெரிந்துவிடலாம். நோயுற்ற விலங்கின் வேதனையைச் சில மணி நேரமாவது முன்னதாக முடித்துவைக்க இது உதவும் என்பதால், நான் இதைப் பெரிதும் வரவேற்கிறேன்.

ஆனால் கருவி சொல்வது 'ஏதோ மாறியிருக்கிறது' என்பதை மட்டுமே. ஓட்டம் குறைந்ததற்குக் காரணம் நோயாக இருக்கலாம். பிரசவம் நெருங்கியதாக இருக்கலாம். பஞ்சு அதிகமாக வைக்கப்பட்டதால் விலங்கு கூட்டுக்குள்ளேயே இருக்கலாம். சென்சாரே மரத்தூளால் மூடப்பட்டிருக்கலாம். இவற்றைப் பிரித்தறிய, கூண்டைத் திறந்து பார்க்கத் தெரிந்த ஒருவர் வேண்டும். அவர் எச்சரிக்கை வரும்போது மட்டும் வந்து பார்ப்பவராக இருந்தால் போதாது; நலமான விலங்கு எப்படி இருக்கும் என்பது தினமும் பார்ப்பவருக்கே தெரியும். தானியங்கிக் குடிநீர் அமைப்பை எண்ணிப் பாருங்கள். வால்வு அடைத்துக்கொண்டால் கூண்டில் நீர் இல்லாமல் போகிறது. வால்வு மூடாமல் நின்றுவிட்டால் கூண்டு நிறைந்து விலங்குகள் மூழ்கிவிடுகின்றன. பெரும் வசதியான அந்த அமைப்பு இருக்கும் இடங்களில்தான் தினசரிப் பார்வை இன்னும் இன்றியமையாததாகிறது.

எனவே நிர்வாகத்திடம் மூன்று கேள்விகளை எழுத்தில் கேளுங்கள். எச்சரிக்கை யாருடைய கைப்பேசிக்கு வரும்? இரவிலும் விடுமுறை நாளிலும் எவ்வளவு நேரத்துக்குள் ஒருவர் கூண்டருகே வந்து நிற்பார்? அப்படி வருபவருக்கு விலங்கின் நிலையை மதிப்பிடவும், கால்நடை மருத்துவரை அழைக்கவும், தேவைப்பட்டால் ஆய்வை நிறுத்தச் சொல்லவும் அதிகாரம் உண்டா? இவற்றுக்கு விடை இல்லாமல் வாங்கப்படும் கருவி, விலங்கு துன்புறுவதைத் துல்லியமாகப் பதிவு செய்வதோடு நின்றுவிடும். தொடக்க வாரங்களில் பொய்யான எச்சரிக்கைகள் ஏராளமாக வரும் என்பதையும் எதிர்பாருங்கள். அவற்றின் வரம்புகளைப் பணியாளர்களோடு அமர்ந்து சரிசெய்யாவிட்டால், சில நாட்களிலேயே உண்மையான எச்சரிக்கையையும் யாரும் பொருட்படுத்த மாட்டார்கள்.

மற்றொரு கோணத்தையும் மறக்க வேண்டாம். மனிதச் செவி ஏறத்தாழ 20 கிலோஹெர்ட்ஸ் வரை மட்டுமே கேட்கும். சுண்டெலி அதைவிடப் பன்மடங்கு உயர்ந்த அதிர்வெண்களையும் கேட்கும். எலிகளின் துயரக் குரலே 22 கிலோஹெர்ட்ஸ் அளவில்தான் எழுகிறது. நம் காதில் விழுவதில்லை. கணினித் திரைகள், மின்மோட்டார்கள், காற்றோட்ட விசிறிகள் போன்றவை நமக்குக் கேட்காத மீயொலியை எழுப்பக்கூடும். புதிய கருவிகளை விலங்கறைக்குள் நிறுவும் முன், மீயொலியை அளக்கும் கருவியால் சோதித்துவிடுங்கள். வௌவால்களின் ஒலியைக் கேட்கப் பயன்படும் எளிய கருவியே இதற்குப் போதும். சிறு விளக்குகள் இரவில் ஒளிர்கின்றனவா என்றும் பாருங்கள்.

ஆட்குறைப்புக்கு மாற்றாக ஒன்றை முன்வையுங்கள். கருவிகளால் மிச்சமாகும் நேரத்தை விலங்குகளைக் கையாளப் பழக்குவதற்கும், கூடு கட்டும் பொருள்களும் ஒளிந்துகொள்ள இடமும் தருவதற்கும், புதியவர்களுக்குப் பயிற்சி அளிப்பதற்கும் செலவிடலாம்.

கேள்வி: நோய்க் கண்காணிப்புக்காகவே தனியாக விலங்குகளை வளர்க்கிறோம். இதைத் தவிர்க்கத் தொழில்நுட்பம் உதவுமா?

பதில்: உதவும். தனித்தனிக் காற்றோட்டமுள்ள கூண்டு அடுக்குகளின் வெளியேறு காற்றில் வரும் தூசியைச் சேகரித்து, பி.சி.ஆர். முறையில் கிருமிகளின் மரபுப்பொருளைத் தேடுவது இப்போது பல இடங்களில் நடைமுறைக்கு வந்துவிட்டது. சில கிருமிகளை மற்ற கூண்டுகளின் அழுக்குப் படுக்கைத் தூளின் வழியே கண்காணிப்பு விலங்குகளுக்குக் கடத்துவதே கடினம். அவற்றைத் தூசிச் சோதனை நன்றாகக் கண்டுபிடிக்கிறது. வில்லியம் ரஸ்ஸல், ரெக்ஸ் பர்ச் ஆகிய பிரித்தானிய அறிவியலாளர்கள் இருவரும் விலங்கு ஆய்வுகளுக்காக 1959-இல் முன்வைத்த மாற்று, குறைப்பு, செம்மையாக்கம் என்னும் மூன்று நெறிகளில் இரண்டாவதுக்கு இதைவிட நேரடியான எடுத்துக்காட்டைக் காண்பது அரிது. உங்கள் அடுக்கின் காற்றமைப்பு அதற்குப் பொருந்துமா என்பதைக் கால்நடை மருத்துவரோடும் அடுக்கைத் தயாரித்தவர்களோடும் கலந்து முடிவு செய்யுங்கள்.

கேள்வி: பயிற்சி வகுப்பில் கலந்துகொண்டதற்குக் கையொப்பம் வாங்கிக்கொண்டு சான்றிதழ் தருகிறார்கள். அது போதுமா? ஒருவர் உண்மையிலேயே தேர்ந்துவிட்டார் என்பதை எப்படி அறிவது?

பதில்: போதாது. வருகைப் பதிவு ஒருவர் அறையில் அமர்ந்திருந்ததைக் காட்டும். அவர் கை என்ன கற்றது என்பதைக் காட்டாது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2010-ஆம் ஆண்டு ஆணை இந்த வேறுபாட்டைச் சட்டமாகவே எழுதியிருக்கிறது. பராமரிப்பவர், செய்முறை செய்பவர், ஆய்வை வடிவமைப்பவர், விலங்கின் உயிரைப் போக்குபவர் ஆகிய அனைவரும் கல்வியும் பயிற்சியும் பெற்றிருக்க வேண்டும் என்பதோடு, தேவையான திறனை நிரூபித்துக் காட்டும்வரை மேற்பார்வையின் கீழேயே பணியாற்ற வேண்டும் என்கிறது அது. நாட்டுக்கு நாடு விதிகள் வேறுபட்டாலும் இந்த ஒரு கருத்தை எந்த விலங்கறையும் ஏற்றுக்கொள்ளலாம்.

நடைமுறையில் முதலில் படமும் காணொளியும்; அடுத்துச் சிலிக்கான் பொம்மையில் ஊசியின் கோணத்தையும் பிடியின் அழுத்தத்தையும் பழகுதல்; அதன்பின் மயக்க நிலையிலுள்ள விலங்கு அல்லது வேறு காரணத்தால் இறந்த விலங்கின் உடல்; இறுதியாகத்தான், அனுபவமுள்ளவர் அருகில் நிற்க, விழித்திருக்கும் விலங்கு. பொம்மை நெளிவதில்லை, அஞ்சுவதுமில்லை. ஆகவே அதில் தேர்ந்ததை விலங்கில் தேர்ந்ததாகக் கொள்ளக் கூடாது. ஆயினும் கற்பவரின் முதல் தடுமாற்றங்கள் அனைத்தும் உயிரற்ற பொருளின் மீது கழிந்துவிடுகின்றன. அந்த ஒன்றுக்காகவே அதற்குச் செலவிடலாம்.

விலங்கின் வலியைக் கண்டறியும் கண்ணுக்கும் தேர்வு வேண்டும். கனடாவின் மெக்கில் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2010-இல் வெளியிட்ட சுண்டெலி முகபாவ அளவுகோல், கண் இடுங்குதல், மூக்குப் புடைப்பு, கன்னப் புடைப்பு, காதின் நிலை, மீசை முடிகளின் மாற்றம் ஆகிய ஐந்தையும் பூச்சியம் முதல் இரண்டு வரை மதிப்பிடச் சொல்கிறது. ஒரே படத்தொகுப்பைப் பயிற்சி பெறுபவரும் அனுபவமுள்ளவரும் தனித்தனியே மதிப்பிட்டு ஒப்பிட்டால், எந்த அறிகுறியில் கண் பிழைக்கிறது என்பது தெரியும். திரையில் செய்யக்கூடிய இந்தப் பயிற்சியை ஆண்டுதோறும் அனைவருக்கும் வையுங்கள். நெடுநாள் பணியாற்றியவர்களின் மதிப்பீடும் காலப்போக்கில் விலகிச் செல்வது இயல்பு.

கேள்வி: ஆய்வு மாணவி நான். ஒரே சோதனையில் வெவ்வேறு நாட்களில் முடிவுகள் மாறுகின்றன. பராமரிப்புப் பணியாளர்கள் மாறுவது காரணமாக இருக்குமா?

பதில்: இருக்கலாம், கட்டாயம் சரிபாருங்கள். 2014-இல் வெளிவந்த மெக்கில் ஆய்வொன்று, ஆண் ஆய்வாளர்கள் அருகில் இருக்கும்போது, அவர்கள் அணிந்த சட்டையின் மணம் இருந்தால்கூட, சுண்டெலிகளும் எலிகளும் மன அழுத்தம் அடைந்து வலியைக் குறைவாக வெளிக்காட்டுவதைக் கண்டது. எனவே யார், எந்த நேரத்தில், எம்முறையில் கையாண்டார், கூண்டு எப்போது மாற்றப்பட்டது, அடுக்கில் எந்த வரிசையில் இருந்தது என்பவற்றையும் உங்கள் தரவோடு சேர்த்துப் பதிவு செய்யுங்கள். அடுக்கின் மேல்வரிசைக்கும் கீழ்வரிசைக்கும் வெளிச்சம் பெரிதும் வேறுபடும். இந்தத் தகவல்கள் பராமரிப்பாளரின் பதிவேட்டில் ஏற்கெனவே இருக்கும். அவரிடம் கேட்டுப் பெறுவதற்கு ஆய்வாளர்கள் தயங்குவது எனக்கு எப்போதும் வருத்தம் தருவது. சோதனையைத் திட்டமிடும் நாளிலேயே அவரையும் அழைத்து அமர்த்துங்கள்.

கேள்வி: பணியில் சேர்ந்தபின் தும்மலும் கண்ணெரிச்சலும் வருகின்றன. அறையை விட்டு வெளியே வந்தால் குறைகிறது.

பதில்: உடனே உங்கள் பணியிட மருத்துவரிடம் சொல்லுங்கள், பொறுத்துக்கொள்ளாதீர்கள். எலி, சுண்டெலிகளின் சிறுநீரிலும் உமிழ்நீரிலும் முடியிலும் உள்ள புரதங்கள் ஒவ்வாமையை ஏற்படுத்துகின்றன. கவனிக்காமல் விட்டால் ஆஸ்துமாவாக மாறக்கூடும். படுக்கைத் தூளைக் கொட்டும் வேலையை உறிஞ்சு வசதியுள்ள மேடையில் மட்டுமே செய்யுங்கள். முகத்தில் சரியாகப் பொருந்துகிறதா என்று சோதிக்கப்பட்ட முகக்கவசத்தை அணியுங்கள். பணியுடையை வீட்டுக்கு எடுத்துச் செல்லாதீர்கள்.

கேள்வி: மாதக்கணக்கில் வளர்த்த விலங்குகளின் உயிரை ஆய்வின் முடிவில் போக்க வேண்டியிருக்கிறது. மனம் தாங்கவில்லை. இதற்கெல்லாம் பயிற்சி உண்டா?

பதில்: உண்டு, இருக்கவும் வேண்டும். நீங்கள் உணர்வது பலவீனம் அல்ல. விலங்கை நன்கு கவனிப்பவருக்கே இந்தத் துயரம் அதிகம் நேர்கிறது. அது நெடுங்காலம் அடக்கி வைக்கப்பட்டால் சோர்வாகவும் பற்றின்மையாகவும் மாறி, பராமரிப்பின் தரத்தையும் பாதிக்கிறது. அந்தப் பணியைச் சுழற்சி முறையில் பகிர்ந்தளிக்குமாறும், குறிப்பிட்ட விலங்குகளை வளர்த்தவரே அவற்றின் உயிரைப் போக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தாதிருக்குமாறும் மேற்பார்வையாளரிடம் கேளுங்கள். வளர்த்தவரே உடனிருக்க விரும்பினால் அதற்கும் இடம் தர வேண்டும். பழகிய கை விலங்கின் அச்சத்தைக் குறைக்கும். அந்த ஆய்வு எதை அறிய நடந்தது, என்ன தெரியவந்தது என்பதை ஆய்வாளர் உங்களிடம் நேரில் விளக்கச் சொல்லிக் கேட்பதற்கும் உங்களுக்கு முழு உரிமை உண்டு.