தாதியர் கேள்வி–பதில்: பதின்மூன்று கிழமை வேலைக்குப் புறப்படுமுன்

கேள்வி: திருகோணமலையில் பிறந்து வளர்ந்தவள். அமெரிக்காவில் டெக்சாஸில் மூன்று வருடமாக வாட்டில் தாதியாக வேலை செய்துவிட்டு, ஆறு கிழமை லீவில் ஊருக்கு வந்திருக்கிறேன். திரும்பியதும் வேறு மாநிலத்தில் முதன்முதலாக 13 கிழமை 'ட்ராவல் நேர்ஸ்' (ஏஜென்சி மூலம் குறுகிய காலத்துக்கு வேறு வைத்தியசாலைக்குப் போகும் பயணத் தாதி) வேலைக்குப் போக இருக்கிறேன். என் தடுப்பூசி அட்டை போதாதென்று ஏஜென்சி திருப்பி அனுப்பிவிட்டது. சிறுவயதில் எல்லா ஊசியும் போட்டேனே?
– வாசகி, பாலையூற்று

பதில்: போட்டிருப்பீர்கள். ஆனால் அவர்கள் கேட்பது அந்த அட்டையில் இல்லை. சின்னமுத்து, கூகைக்கட்டு, ருபெல்லா மூன்றுக்கும் சேர்த்துப் போடும் எம்.எம்.ஆர். ஊசி இலங்கையின் தேசியத் திட்டத்துக்குள் வந்தது 2011இல்தான். அதற்கு முன் சின்னமுத்து ஊசியும், 2001 முதல் சின்னமுத்து–ருபெல்லா ஊசியும் இருந்தன. உங்கள் வயதுக்காரரின் அட்டையில் கூகைக்கட்டுக்கு இடமே இராது. கொப்பளிப்பான் ஊசி இன்றும் அந்தத் திட்டத்தில் இல்லை. சிறுவயதில் அம்மாள் வந்து வேப்பிலையோடு படுத்திருந்தாலும் அதற்குக் கடதாசி ஏது?

முதலில் நீங்கள் வேலை செய்த டெக்சாஸ் வைத்தியசாலையின் ஊழியர் சுகாதாரப் பிரிவுக்கு எழுதி, உங்கள் இரத்தப் பரிசோதனை அறிக்கைகளின் பிரதியைக் கேளுங்கள். கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. கிடைக்காவிட்டால் இந்தக் கிழமையே சின்னமுத்து, கூகைக்கட்டு, ருபெல்லா, கொப்பளிப்பான் நான்குக்கும் ஐ.ஜி.ஜி. பரிசோதனை (எதிர்ப்புச் சக்தி உண்டா என்று பார்க்கும் இரத்தப் பரிசோதனை) செய்யுங்கள். எதிர்ப்புச் சக்தி இல்லையென்று வந்தால் இரண்டு ஊசி வேண்டும், இடையில் குறைந்தது 28 நாள். ஆறு கிழமைக்குள் அது அடங்கும், இரண்டு கிழமையைத் தவறவிட்டால் அடங்காது. கர்ப்பமாக இருந்தால் இந்த ஊசிகள் கூடாது.

பலர் இடறுவது காசநோய்ப் பரிசோதனையில். எம்.எம்.ஆர். போட்ட சில நாளில் அதைச் செய்தால் முடிவு பிழைக்கலாம். ஊசிக்கு முன்னரோ அதே நாளிலோ செய்யுங்கள், இல்லாவிட்டால் நான்கு கிழமை பொறுங்கள். பிறந்தபோது பி.சி.ஜி. என்ற காசநோய்த் தடுப்பூசி போட்டவர் என்பதால் தோல் பரிசோதனை வீணாகப் 'பொசிட்டிவ்' காட்டி உங்களை எக்ஸ்ரேக்கு அலைய வைக்கலாம். குவான்டிஃபெரோன் இரத்தப் பரிசோதனை அதைத் தவிர்க்கும். ஹெப்படைட்டிஸ் பி எதிர்ப்பொருள் அளவு 10 mIU/mLக்குக் குறையாமல் இருக்க வேண்டும்.

அறிக்கை ஆங்கிலத்தில், திகதியோடும் எண் அளவோடும் இருக்கட்டும். பெயர் கடவுச்சீட்டில் உள்ளபடி முழுமையாக வேண்டும். நம்மூர் அட்டைகளில் முதலெழுத்து மட்டுமே போடுவார்கள். அங்கே அது வேறொரு ஆளின் பெயர்போலத் தெரியும்.

கேள்வி: டெக்சாஸ் அனுமதிப்பத்திரம் எல்லா இடத்துக்கும் செல்லுமா? ஒப்பந்தத்தில் எதைப் பார்ப்பது? (அதே வாசகி)

பதில்: பல மாநிலங்கள் சேர்ந்த தாதியர் உடன்படிக்கையில் டெக்சாஸ் இருக்கிறது. உங்களுடையது பல மாநில அனுமதிப்பத்திரமா என்று பாருங்கள். ஆமென்றால் உடன்படிக்கை மாநிலங்களில் வேலை செய்யலாம். கலிபோர்னியாவும் நியூயோர்க்கும் அதில் இல்லை. அங்கே தனியாக விண்ணப்பித்து மாதக்கணக்கில் காத்திருக்க நேரலாம்.

ஒப்பந்தத்தில் முதலில் தேட வேண்டியது கிழமைக்கு எத்தனை மணி நேரம் உறுதி என்பதை. 36 மணி என்று வாயால் சொல்லி, நோயாளர் குறைந்தால் சம்பளமில்லாமல் வீட்டுக்கு அனுப்பும் வரியை உள்ளே வைத்திருப்பார்கள். எந்த வாட்டுகளுக்கு மாற்றுவார்கள், இடையில் நிறுத்தினால் யாருக்கு நட்டம், உங்களுக்கு வேண்டிய லீவு நாள்கள் எவை, எல்லாம் எழுத்தில் வரட்டும். தொலைபேசியில் சொன்னதை மறுப்பது எளிது. வீட்டு வாடகைக் கொடுப்பனவு வரியின்றிக் கிடைக்க, நீங்கள் செலவிட்டுப் பேணும் நிரந்தர இடம் அமெரிக்காவில் வேண்டும். பாலையூற்று வீட்டை அதற்குக் காட்டலாம் என்று நம்பி இருக்க வேண்டாம். வரிக் கணக்காளரிடம் முன்கூட்டியே கேளுங்கள்.

சிறுநீர்ப் போதைப் பரிசோதனைக்கு ஓரிரு நாள் அவகாசமே தருவார்கள், அதுவும் அங்கே உள்ள ஆய்வுகூடத்தில். ஊரில் நின்றபடி வேலையை ஏற்றால் அந்தத் திகதி தவறும். இங்கே கொடீன் கலந்த இருமல் மருந்து குடித்திருந்தால் வைத்தியரின் சீட்டைக் கையோடு கொண்டுபோங்கள்.

டெக்சாஸின் பெரும்பகுதிக்கும் நமக்கும் பத்தரை மணி நேர வித்தியாசம், குளிர்காலத்தில் பதினொன்றரை. பகல் இரவாகும். இறங்கி ஐந்து நாளாவது கழித்தே முதல் 12 மணி நேர வேலையை வையுங்கள். மருந்தளவைக் கணக்கிடும் கை தூக்கக் கலக்கத்தில் இருக்கக் கூடாது. பயணத் தாதிக்கு ஒன்றிரண்டு நாளுக்கு மேல் பழக்கிவிட மாட்டார்கள். ஆகவே முதல் நாளே நான்கைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்: அவசர மருந்துத் தள்ளுவண்டி எங்கே, இதயம் நின்றால் அழைக்கும் எண் என்ன, மருந்து அலுமாரிக்கும் கணினிக்கும் உங்கள் நுழைவு வேலை செய்கிறதா, இன்சுலினுக்கும் ஹெப்பரினுக்கும் இரண்டாவது தாதியின் சரிபார்ப்பு எப்படி. கணினி நுழைவு இல்லாமல் நோயாளரை ஏற்க வேண்டாம். பொறுப்புத் தாதியிடம் சொல்லுங்கள்.

கேள்வி: இங்கே ஒரு வருடம் தாதியாக வேலை செய்கிறேன். ஐந்து இலட்சம் கட்டினால் நேரடியாக 13 கிழமை வேலைக்கு அமெரிக்கா அனுப்புவதாக ஒருவர் சொல்கிறார். – வாசகர், கிண்ணியா

பதில்: கட்டாதீர்கள். என்கிளெக்ஸ் என்ற அமெரிக்கத் தாதியர் அனுமதிப் பரீட்சை, தகுதியைச் சரிபார்த்து விசாவுக்காகத் தரும் விசாஸ்கிரீன் சான்றிதழ், அதன்பின் குடியேற்ற விசா என்று வருடக்கணக்கில் நீளும் வழி அது. 13 கிழமைக்கு யாரும் இங்கிருந்து தாதியை அழைப்பதில்லை. பரீட்சையைச் சென்னையில் எழுதலாம். அந்த ஆளின் நிறுவனத்துக்கு அனுமதி உண்டா என்று வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 என்ற தொலைபேசி எண்ணை அழைத்து இன்றே கேளுங்கள்.