கூடைப்பந்து கேள்வி பதில்: யூரோலீக் பாக்ஸ் ஸ்கோரைப் படிப்பது எப்படி?

கேள்வி: யூரோலீக் (ஐரோப்பாவின் முதன்மையான கிளப் போட்டி) ஆட்டங்களின் பாக்ஸ் ஸ்கோரில், அதாவது ஒவ்வோர் ஆட்டக்காரரும் செய்ததை எண்களாகத் தரும் பட்டியலில், கடைசிக் கட்டத்தில் ‘பி.ஐ.ஆர்.’ என்று ஓர் எண் வருகிறது. 16 புள்ளி எடுத்தவருக்கு 14 என்றும், 9 புள்ளி மட்டும் எடுத்தவருக்கு 19 என்றும் போட்டிருந்தது. இதை எப்படிக் கணக்கிடுகிறார்கள்?

பதில்: பி.ஐ.ஆர். (Performance Index Rating) என்பது ஓர் ஆட்டக்காரரின் மொத்த ஆட்டத்துக்கும் தரும் ஒரே மதிப்பெண். ஸ்பெயின் லீக்கில் தொடங்கி ஐரோப்பா முழுவதும் பரவிய கணக்கு இது. காகிதமும் பென்சிலும் இருந்தால் நீங்களே போட்டுவிடலாம். ஒரு பக்கம் வரவு: புள்ளி, ரீபவுண்ட் (தவறிய ஷாட்டின் பந்தைப் பிடிப்பது), அசிஸ்ட் (கூடை விழ உதவிய பாஸ்), ஸ்டீல் (எதிராளியிடமிருந்து பந்தைப் பறிப்பது), பிளாக் (எதிராளியின் ஷாட்டைத் தட்டித் தடுப்பது), எதிராளியிடம் வாங்கிய ஃபவுல் (எதிராளி தன்மீது செய்த விதிமீறல்). மறுபக்கம் செலவு: தவறிய ஷாட், தவறிய ஃப்ரீ த்ரோ (ஃபவுலுக்காகக் கிடைக்கும், யாரும் மறிக்காத 1 புள்ளி வீச்சு), டர்ன்ஓவர் (ஷாட் போடாமலே பந்தை எதிரணியிடம் இழப்பது), எதிராளி பிளாக் செய்த ஷாட், தான் செய்த ஃபவுல். வரவிலிருந்து செலவைக் கழித்தால் பி.ஐ.ஆர்.

ஓர் ஆட்டக்காரரின் வரிசை இப்படி இருப்பதாக வைத்துக்கொள்வோம்: 2 புள்ளி ஷாட் 4/9, 3 புள்ளி ஷாட் 2/5, ஃப்ரீ த்ரோ 2/3, ரீபவுண்ட் 5, அசிஸ்ட் 4, ஸ்டீல் 1, டர்ன்ஓவர் 3, பிளாக் ஆனது 1, செய்த ஃபவுல் 3, வாங்கிய ஃபவுல் 4. புள்ளி 8 + 6 + 2 = 16. வரவு 16 + 5 + 4 + 1 + 4 = 30. செலவில் தவறிய ஷாட் 5 + 3 = 8, ஃப்ரீ த்ரோ 1, டர்ன்ஓவர் 3, பிளாக் ஆனது 1, ஃபவுல் 3; ஆக 16. மிச்சம் 14.

புதிதாகக் கணக்குப் போடுகிறவர்கள் இரண்டு இடத்தில் வழுக்குகிறார்கள். 4/9 என்றால் போட்டது 9, விழுந்தது 4, தவறியது 5. அந்த 9-ஐயே கழித்துவிட்டால் எல்லாம் கெட்டது. அடுத்தது, பிளாக் ஆன ஷாட். அது தவறிய ஷாட்டிலும் சேரும், ‘பிளாக் ஆனது’ என்ற கட்டத்திலும் சேரும். அதாவது ஒரே ஷாட்டுக்கு இரண்டு கழியும்.

கேள்வி: அப்படியானால் பி.ஐ.ஆர். அதிகம் வாங்கியவர்தான் அன்றைக்குச் சிறந்த ஆட்டக்காரரா?

பதில்: இல்லை. இந்த எண் அதிகமாக ஷாட் போடுகிறவருக்குச் சலுகை காட்டுகிறது. 2 புள்ளி ஷாட் விழுந்தால் +2, தவறினால் −1. மூன்றில் ஒன்று விழுந்தாலே நஷ்டமில்லை. 3 புள்ளி ஷாட்டில் நான்கில் ஒன்று போதும். 12 முறை போட்டு 5 மட்டும் உள்ளே தள்ளியவருக்கு 10 − 7 = +3 கிடைத்துவிடும். ஆனால் அவர் அணிக்கு ஒரு ஷாட்டுக்கு 0.83 புள்ளிதான் வந்தது. இந்த மட்டத்தில் அது மோசமான வியாபாரம். எதிராளியை நல்ல ஷாட் போடவே விடாமல் மறித்து நிற்பவரின் உழைப்புக்கோ இதில் கட்டமே கிடையாது.

நேரத்தையும் இந்த எண் பார்ப்பதில்லை. 2012 யூரோலீக் இறுதியாட்டம், இஸ்தான்புல். ஒலிம்பியாகோஸ் அணிக்கு எதிராக சி.எஸ்.கே.ஏ. மாஸ்கோ 61–60 என்று முன்னிலை. 10 விநாடி கூட மிச்சமில்லாதபோது மாஸ்கோ அணியின் ரமூனாஸ் ஷிஷ்காவ்ஸ்காஸ் இரண்டு ஃப்ரீ த்ரோவையும் தவறவிட்டார். எதிரணியின் ஸ்பனூலிஸ் கொடுத்த பந்தை அவருடைய அணித்தோழர் பிரின்டெஸிஸ் உள்ளே போட, ஒலிம்பியாகோஸ் 62–61 என்று வென்றது. அந்த இரண்டு தவறுக்கும் பி.ஐ.ஆரில் கழிவது 2 மட்டுமே. முதல் கால் பாகத்தில் தவறவிட்டிருந்தாலும் அதே 2தான். 2023இல் கவுனஸ் நகரில் நடந்த இறுதியாட்டத்தில் ஒலிம்பியாகோஸின் வெசென்கோவ் 29 புள்ளி எடுத்தும் அணி தோற்றது. ரியல் மாட்ரிட்டின் செர்ஹியோ யுல் அன்று எடுத்தது மொத்தமே 2 புள்ளி. அந்த 2 புள்ளி, 3 விநாடி மிச்சமிருக்கையில் ஆட்டத்தை 79–78 ஆக்கிய ஷாட்.

கேள்வி: ஆட்டக்காரர்களின் ரீபவுண்டைக் கூட்டினால் அணியின் மொத்தம் வரவில்லையே, அச்சுப் பிழையா?

பதில்: பிழையில்லை. பட்டியலின் கீழே ‘அணி’ என்று தனி வரிசை இருக்கும். தவறிய ஷாட் யார் கையிலும் சிக்காமல் கோட்டைத் தாண்டிப் போனால், பந்து கிடைக்கும் அணியின் பெயரில் ரீபவுண்ட் எழுதுவார்கள். 24 விநாடிக்குள் ஷாட் போடாமல் விட்ட டர்ன்ஓவரும் அணிக் கணக்கில்தான்.

கேள்வி: இரண்டு அணியும் 60 ஷாட்டில் 26 என்று ஒரே அளவில் போட்டிருக்க, ஒன்று ஏன் தோற்கிறது?

பதில்: முதலில் அந்த 26-ல் 3 புள்ளி எத்தனை என்று பாருங்கள். ஒருவருக்கு 10, மற்றவருக்கு 4 என்றால் அங்கேயே 6 புள்ளி வித்தியாசம். இதைச் சதவீதமாகவே பார்க்க, விழுந்த மொத்த ஷாட்டோடு, விழுந்த 3 புள்ளி ஷாட்டில் பாதியைக் கூட்டி, போட்ட ஷாட்டால் வகுக்க வேண்டும். (26 + 5) ÷ 60 = 51.7%; மற்றவருக்கு (26 + 2) ÷ 60 = 46.7%. வெறும் 43.3% மறைத்ததை இது காட்டிவிடும்.

ஷாட் எண்ணிக்கையே வேறுபட்டால், பந்து எத்தனை முறை கைக்கு வந்தது என்று கணக்கிட வேண்டும்: போட்ட ஷாட் + (ஃப்ரீ த்ரோ × 0.44) − எதிர்க்கூடையில் பிடித்த ரீபவுண்ட் (தன் அணி தவறவிட்ட ஷாட்டின் பந்தைத் தானே பிடித்தது) + டர்ன்ஓவர். 60 ஷாட், 18 ஃப்ரீ த்ரோ, அப்படிப் பிடித்த 12 ரீபவுண்ட், 10 டர்ன்ஓவர் என்றால் 60 + 7.9 − 12 + 10, ஏறக்குறைய 66. ஃப்ரீ த்ரோ பெரும்பாலும் இரண்டிரண்டாக வருவதாலும், கூடை விழுந்த பிறகு கூடுதலாகக் கிடைக்கும் ஒற்றை வீச்சும் உண்டு என்பதாலும்தான் 0.44. பந்து மாறி மாறித்தான் கைக்கு வரும் என்பதால் இரு அணிக்கும் விடை கிட்டத்தட்ட ஒன்றாகவே வரும். ஐந்தாறு வித்தியாசம் வந்தால் எங்கோ ஓர் எண்ணைத் தவறாக எடுத்திருக்கிறீர்கள். விடை ஒன்றாக இருந்தும் ஒரு அணி 8 ஷாட் அதிகம் போட்டிருந்தால், தன் தவறிய பந்தைத் தானே பிடித்திருக்கிறது, அல்லது பந்தைக் கோட்டைவிடாமல் காத்திருக்கிறது. ஆட்டம் திரும்பிய இடம் பெரும்பாலும் இங்கேதான் கிடைக்கும்.

கேள்வி: 20 புள்ளி எடுத்தவருக்கு ப்ளஸ்-மைனஸ் −12 என்று வருமா?

பதில்: தாராளமாக வரும். அவர் களத்தில் இருந்த நிமிடங்களில் அணி எடுத்த புள்ளியிலிருந்து எதிரணி எடுத்ததைக் கழித்த எண் அது. உடன் ஆடிய நால்வரின் ஆட்டமும் அதில் சேர்ந்திருப்பதால் ஒரே ஆட்டத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. சரிபார்க்க ஒரு வழி உண்டு. எப்போதும் ஐந்து பேர் களத்தில் இருப்பதால், அணியில் எல்லோருடைய எண்ணையும் கூட்டினால் வெற்றி வித்தியாசத்தைப்போல் 5 மடங்கு வர வேண்டும். 79–78 ஆட்டத்தில் ரியல் மாட்ரிட்டுக்கு +5, ஒலிம்பியாகோஸுக்கு −5.

கேள்வி: அமெரிக்க லீக்கான என்.பி.ஏ.வின் எண்களோடு நேரடியாக ஒப்பிடலாமா?

பதில்: கூடாது. அங்கே 48 நிமிடம், இங்கே 40. சராசரியை 1.2-ஆல் பெருக்கினால் ஓரளவு சமமாகும். அசிஸ்ட் கணக்கும் வேறு: நல்ல பாஸ் வாங்கியவரை ஷாட் போடும்போது ஃபவுல் செய்து, அவர் ஒரு ஃப்ரீ த்ரோவாவது உள்ளே போட்டால் ஐரோப்பாவில் பாஸ் கொடுத்தவருக்கு அசிஸ்ட் உண்டு, என்.பி.ஏ.வில் கிடையாது.